நாற்பத்தேழு பேருக்கான சூப்

ஒடெட் லவாலிக்குக் கொஞ்சமாகச் சமைக்க வராது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஆனால் திங்கட்கிழமையானால் அடுப்பில் பட்டாணி சூப் கொதிக்கும், நாற்பத்தேழு பேருக்கான அளவில். அவள் கணவன் நார்மன்ட், முழங்கால் போன பழைய மரவெட்டி. அடுப்புக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஏன்டி, கனடாவிலேர்ந்து படை கிடை வருதா? வருதுன்னா முன்கூட்டியே சொல்லு, நான் கொல்லைப்புறமா ஓடிடறேன்" என்பான். ஒடெட் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "ஜாடியைக் கழுவு" என்பாள்.

அந்த ஜாடிகள் ஊர் முழுக்கப் போகும். தனியாக இருக்கும் கிழவர்கள், பிள்ளை பெற்றவள், கால் ஒடிந்தவன் என்று பட்டியல் அவள் மனதில் இருக்கும். எனக்கும் ஒன்று வந்தது, ஒன்பது வருஷம், பள்ளி நடக்கும் ஒரு திங்களும் தவறாமல். அதை வாங்கிக் குடிக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். முப்பது வருஷம் மலை ரோட்டில் பஸ் ஓட்டியவன் நான், எதையும் வளைந்து வளைந்துதான் சொல்ல வரும்.

என் பெயர் வெண்டல் ஹோய்ட். ஹார்ட்வெல் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஓட்டினேன். ஒடெட் அந்தப் பள்ளியில் சமைத்தாள். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவள் வீட்டில் பிரெஞ்சு. முதல் வகுப்பில் வந்து உட்கார்ந்தபோது அவளுக்கு ஆங்கிலத்தில் மொத்தம் மூன்று வார்த்தை தெரியும்: ஆமாம், இல்லை, கழிப்பறை. அந்தக் காலத்தில் பள்ளியில் சமையலும் இல்லை, சாப்பாடும் இல்லை. தகர வாளியில் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். அவளுக்கு இரண்டு அண்ணன்கள், மூவருக்கும் ஒரே வாளி. அண்ணன்கள் கைவிட்டு அள்ளிய பிறகு அவளுக்கு மிஞ்சியது ரொட்டியின் ஓரம்தான். "பசியோட உக்காந்தா கரும்பலகையில எழுதியிருக்கிறது எதுவும் தலையில ஏறாது வெண்டல். மணி எப்ப அடிக்கும்னுதான் இருக்கும்" என்று பிற்பாடு என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பசியை அவள் மறக்கவில்லை. கல்யாணமாகி, இடுப்பில் ஒரு பையனும் வயிற்றில் ஒரு பையனுமாக இருந்த வருஷம், மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்துக்கு ஓர் அடுப்பு வேண்டும் என்றாள். எங்கள் ஊரில் எதுவானாலும் அந்த ஒரு நாளில்தான் தீர்மானமாகும். மண்ணள்ளும் வண்டி வாங்குவதா, பாலத்துக்குப் பலகை போடுவதா, டீச்சருக்குச் சம்பளம் கூட்டுவதா, எல்லாம் ஊர்க்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து, கத்தி, கைதூக்கி முடிப்பதுதான். அவளுடைய பிரெஞ்சு கலந்த ஆங்கிலத்தைக் கேட்டுப் பின்வரிசையில் சிரித்தார்கள். "புள்ளைங்களுக்குச் சாப்பாடு போடறது அம்மாக்காரி வேலை, ஊரு வேலை இல்ல" என்று ஒருவர் சொல்ல, கைதட்டல். தீர்மானம் தோற்றது.

அடுத்த வருஷமும் எழுந்தாள். அடுத்த வருஷமும் தோற்றாள்.

மூன்றாம் வருஷம் கூட்டத்துக்குப் புதுத் தலைவர், ஆல்டன் பிக்ஃபோர்ட். ஆறடி உயரம், அரைப்படி பேச்சு. ஒடெட் வாய் திறந்ததும் பின்வரிசை மறுபடி கனைத்தது. ஆல்டன் மேஜையில் தட்டி அமைதிப்படுத்தும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "சிரிக்கிறவங்க எல்லாம் வெளிய பனியில நின்னு சிரிச்சு முடிச்சுட்டு வாங்க. நாங்க காத்திருக்கோம்" என்றார். ஒருவரும் போகவில்லை. அடுப்பு ஜெயித்தது. மூடிப்போன ஒரு விடுதியிலிருந்து பழைய அடுப்பைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். அதைத் தூக்கி இறக்கிய நாலு பேரில் நானும் ஒருவன். ஒடெட் அதன் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள். வெளியே எடுத்தபோது கன்னமெல்லாம் கரி, கண்ணெல்லாம் தண்ணீர்.

சமையலறைக்கும் பெரிய கூடத்துக்கும் நடுவில் சுவர். பரிமாற வழி வேண்டும் என்று கேட்டதற்கு ஊர் ஒரு சென்ட் தர மறுத்துவிட்டது. அடுப்பு கொடுத்ததே பெரிது என்ற எண்ணம். நார்மன்ட் ஒரு சனிக்கிழமை வந்து, யாரையும் கேட்காமல், சுவரை ரம்பத்தால் அறுத்து ஒரு ஜன்னல் வைத்துவிட்டான். பக்கவாட்டில் நகரும் பலகைக் கதவு. "ரசீது அனுப்பட்டுமா, இல்ல சுவத்தைத் திருப்பி ஒட்டட்டுமா?" என்று ஊராரிடம் கேட்டான். இரண்டும் வேண்டாம் என்றார்கள்.

முப்பது வருஷம் அந்த ஜன்னல் வழியாகச் சாப்பாடு போயிற்று. சரியாகப் பதினொன்றே முக்காலுக்குக் கூடத்தில் நாற்காலிகள் தரையில் இழுபடும் சத்தம் கேட்கும், ஒடெட் பலகையைத் தள்ளுவாள். எந்தப் பிள்ளைக்கு வெங்காயம் பிடிக்காது, எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பாள். ஒரு கரண்டி கூடுதலாக விழும். கேட்காமலே விழும். அவளுடைய சொந்தப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சூப் என்றாலே ஆகாது. ஒருவன் அரிசோனாவில் இருக்கிறான், இன்னொருவன் ஃப்ளோரிடாவில். "சூப்பு குடிக்காம இருக்கணும்னே வெயில் ஊராப் பாத்துப் போயிருக்கானுங்க" என்பாள்.

ஊர்க்கூட்டம் நடப்பதும் அதே கூடத்தில்தான். அன்றைக்கு மதியச் சாப்பாடு ஒடெட் பொறுப்பு. சுட்ட பீன்ஸ், பன்றித் தொடைக்கறி, பட்டாணி சூப், ஆப்பிள் பை. சாப்பாட்டுக்கு வரும் பணத்தில்தான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வருஷா வருஷம் கடல் பார்க்கக் கூட்டிப்போவார்கள். பிள்ளைகளின் அம்மாக்கள் ஆறு பேர் அவளோடு சமையலறையில் நிற்பார்கள். சாப்பாடு முடிந்து கூட்டம் மறுபடி தொடங்கினால் பாத்திரச் சத்தம் காதைப் பிளக்கும். ஆல்டன், "ஒடெட், மூடு!" என்று கத்துவார். அவள் பலகையைப் படாரென்று இழுத்து மூடுவாள். கூடமே சிரிக்கும். இது ஒவ்வொரு வருஷமும் நடக்கும்.

ஆனால் ஏதாவது வாக்கெடுப்பு வந்தால் சமையலறையில் இருப்பவர்களையும் எண்ண வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தோம். நான் எப்போதும் அந்த ஜன்னலுக்குக் கீழே உட்காருவேன். முதுகுக்குச் சுவர் வேண்டும், ஆப்பிள் பையும் கைக்கு எட்டும். ஆல்டன் என்னைப் பார்த்து மோவாயை உயர்த்துவார். நான் பலகையில் மூன்று முறை தட்டுவேன். பலகை திறக்கும். ஏழு பேரும் மஞ்சள் வாக்கு அட்டையோடு கையை வெளியே நீட்டுவார்கள், முழங்கை வரை சோப்பு நுரையோடு. எண்ணுகிறவர் வந்து எண்ணிக்கொண்டு போவார். பலகை மூடும். சட்டத்தில் இப்படியெல்லாம் இல்லை. எங்கள் ஊரில் இருந்தது.

இப்போது வரி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் வயிற்றெரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது. எங்கள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வருமான வரி கிடையாது, விற்பனை வரி கிடையாது. வெளியூர்க்காரன் கேட்டால் சொர்க்கம் என்பான். அப்புறம் பள்ளிக்கூடம் எதில் நடக்கிறது? வீட்டுக்கும் நிலத்துக்கும் போடும் வரியில். பிள்ளை இருக்கிறதா, வருமானம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நிலம் இருந்தால் கட்டு. ஏரிக்கரையில் பாஸ்டன்காரர்கள் வீடு வாங்க ஆரம்பித்ததும் எங்கள் கரடுமுரடான மேட்டுக்குக்கூட மதிப்பை ஏற்றிவிட்டார்கள். அந்த வருஷம் எனக்கு வந்த வரிச்சீட்டைப் பார்த்துவிட்டு மேஜையில் குத்தினேன், காப்பிக் கோப்பை உடைந்தது. என் அப்பா எனக்கென்று விட்டுப்போனது ஒரு காடு. மேப்பிள் மரங்கள், வசந்தத்தில் பாகு எடுப்போம். அதை விற்றால்தான் கட்ட முடியும் என்ற நிலை.

நான் ஒருவன் மட்டும் அல்ல. அந்தக் குளிர்காலம் முழுக்க ஊரில் இதே பேச்சுதான். சனிக்கிழமை குப்பை மேட்டில் குப்பை கொட்ட வருகிறவர்கள் ஒரு மணி நேரம் வண்டியில் சாய்ந்து நின்று சண்டை போட்டார்கள். "எனக்குப் புள்ளையே இல்ல, நான் எதுக்குக் கட்டணும்?" என்பான் ஒருவன். "நீ படிச்சப்ப யாரு கட்டுனா, உங்க அப்பனா? மூணு வகுப்புல ரெண்டு ரெண்டு வருஷம் உக்காந்தியே, அதையும் சேத்து நாங்கதான் கட்டுனோம்" என்பான் இன்னொருவன். பள்ளியை மூடிவிட்டுப் பிள்ளைகளை இருபத்திரண்டு மைல் தள்ளி மில்பரோ ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று ஒரு தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. போடாததற்குக் காரணம் ஒடெட்டின் முகம்தான், கொள்கை ஒன்றும் இல்லை.

கூட்டம் வந்தது, மார்ச் இரண்டாம் செவ்வாய். ஆல்டன் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் இடத்தில் ஃபெல்ப்ஸ் என்று ஒருவரை உட்கார வைத்தார்கள். ஏரிக்கரையில் குடியேறி மூன்று வருஷம் ஆன ஓய்வு பெற்ற வக்கீல். நல்ல மனுஷன், மரியாதையான பேச்சு, கையில் சட்டப் புத்தகம். மோவாய் உயர்த்தும் வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்?

சாப்பாட்டுக்குப் பிறகு முதல் விஷயமே பள்ளிக்கூடத் தீர்மானம். "சமையலறையில் இருப்பவர்கள் கொஞ்சம் கதவை மூடிக்கொள்ள முடியுமா?" என்று ஃபெல்ப்ஸ் கேட்டார். ஒடெட் மெதுவாக மூடினாள். யாரும் சிரிக்கவில்லை.

ஆரின் பைக் எழுந்தார். எண்பத்தொரு வயது, மாடு வளர்த்தவர். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினார்.

"எங்க கொள்ளுத் தாத்தா கல்லைப் பொறுக்கித் திருத்துன நிலம் அது. அதுல நான் இருக்கறதுக்கு வருஷா வருஷம் வாடகை குடுக்கற மாதிரி இருக்கு. முந்தின வருஷம் காட்டை வித்தேன். போன வருஷம் மேட்டு நிலத்தை வித்தேன். இன்னும் எதை விக்கச் சொல்றீங்க, இந்தப் பல்செட்டையா?"

சிரித்தார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள், ஏனென்றால் கிழவர் அழுதுகொண்டிருந்தார்.

"பள்ளிக்கூடம் வேணாம்னு நான் சொல்லல. என் பேரப்புள்ளைங்க அங்கதான் படிச்சுச்சுங்க, ஒடெட் கையால சாப்பிட்டுச்சுங்க. ஆனா நாப்பத்தேழு புள்ளைங்களுக்கு ஒரு கட்டடம், அதைச் சூடாக்க ஒரு பாய்லரு, நாலு டீச்சரு. மில்பரோவுல இடம் கெடக்கு. நாம தாங்க மாட்டோம்ப்பா. அவ்வளவுதான்."

அவர் உட்கார்ந்ததும் இரண்டு பேர் எதிர்த்துப் பேசினார்கள். பள்ளி போனால் இளம் குடும்பம் ஒன்றுகூட இந்த ஊருக்கு வராது, அப்புறம் கிழடுகள் மட்டும் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் புதைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று தபால் நிலையத்து டோரத்தி சொன்னாள். அதுவும் நிஜம். இரண்டும் நிஜம். பிள்ளைகளின் அப்பன்மார் அன்றைக்குப் பாதிப்பேர் வரவில்லை. பனி உருகி ரோடு சேறாவதற்குள் மரத்தை இறக்கிவிட வேண்டும் என்று காட்டில் இருந்தார்கள்.

ஃபெல்ப்ஸ் தீர்மானத்தை நிறுத்தி நிதானமாக ஒரு முறை வாசித்தார். "வாக்காளர்கள் எல்லாரும் உள்ளே இருக்கிறீர்களா?" என்று வாசல் பக்கம் பார்த்துக் கேட்டார். வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் உள்ளே வந்தார்கள்.

என் கை தானாகவே உயர்ந்தது. விரல் முட்டி பலகைக்கு ஓர் அங்குலம் தள்ளி நின்றது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அம்மாக்களில் ஒருத்தி, ஷெல்லி, எதற்கோ சிரித்தாள்.

நான் தட்டவில்லை.

தலைவர் சைகை காட்டவில்லை, அதனால் தட்டவில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். தட்டினால் ஏழு கைகள் வெளியே வரும், ஏழும் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். என் காட்டை நினைத்தேன். கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். மூடலாம் என்பவர்கள் அட்டையைத் தூக்கச் சொன்னபோது தூக்கினேன். ஐம்பத்தெட்டு. வேண்டாம் என்றவர்கள் ஐம்பத்து நாலு. அட்டை தூக்கியதற்கு நான் இன்றைக்கும் வெட்கப்படவில்லை, அது என் உரிமை. தட்டாமல் இருந்தது உரிமையில் சேராது.

ஜெயித்தவர்களில் விவரம் தெரிந்த ஒருவர் உடனே எழுந்து, இதை இந்தக் கூட்டத்தில் மறுபடி எடுக்கக் கூடாது என்று இன்னொரு தீர்மானம் போட்டார். அதையும் கைதூக்கி முடித்துவிட்டார்கள். பிறகு, பனி ரோட்டில் தூவும் உப்பு மணலை வைக்கும் கொட்டகைக்குக் கூரை மாற்றும் விஷயம் வந்தது.

அப்போதுதான் பலகை திறந்தது. தட்டாமலே திறந்தது. ஒடெட் நின்றாள். கையில் மஞ்சள் அட்டை, ஓரமெல்லாம் நனைந்திருந்தது. கூடத்தைப் பார்த்தாள், பிறகு குனிந்து என்னைப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது" என்றேன்.

ஷெல்லி அவளுக்குப் பின்னாலிருந்து கத்தினாள். "எங்களை எண்ணவே இல்லையே! நாங்க ஏழு பேரு இங்க உங்க எச்சித் தட்டைக் கழுவிட்டு நிக்கறோம், எங்களை எண்ணவே இல்லையே!" ஃபெல்ப்ஸ் வெளுத்துப்போனார். சட்டப் புத்தகத்தைப் புரட்டினார், மன்னிப்புக் கேட்டார், தடை போட்டாயிற்று, தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.  ஒடெட் ஷெல்லியின் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். மிச்சப் பாத்திரங்களையும் கழுவி, துடைத்து, அடுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

ஊரே ஃபெல்ப்ஸைத் திட்டியது. வெளியூர்க்காரன், புத்தகப்புழு, ஒரு மோவாயைத் தூக்கத் தெரியாதவன். நானும் சேர்ந்து திட்டினேன். அது எல்லாவற்றையும்விடக் கேவலம். "நீ என்னப்பா பண்ணுவ, அந்தாளு சைகை காட்டினாத்தானே?" என்று என் முதுகைத் தட்டி ஆறுதல் சொன்னவர்கள்கூட உண்டு. ஆல்டன் ஒருவர்தான், கைத்தடியோடு குப்பை மேட்டுக்கு வந்த முதல் சனிக்கிழமை, என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஏன் வெண்டல், என் மோவாய் இல்லாட்டி உன் கை வேலை செய்யாதா?" என்றார். நான் வண்டியிலிருந்து குப்பை மூட்டையை இறக்கினேன். அவரும் அப்புறம் கேட்கவில்லை.

ஜூனில் பள்ளி மூடியது. என் காடு தப்பியது. போதாக்குறைக்கு, மில்பரோவுக்கு ஓட்ட வேண்டியிருந்ததால் என் பஸ் வேலை இரட்டிப்பாயிற்று. அந்தப் பணத்தை வாங்கும்போதெல்லாம் கை கூசியது. ஆனாலும் வாங்கினேன்.

ஒடெட்டுக்கு மில்பரோ பள்ளியில் வேலை கொடுத்தார்கள். பதினோரு நாள் போனாள். எல்லாம் பனிக்கட்டியாய் உறைந்து பெட்டியில் வரும், பிரித்து அடுப்பில் தள்ள வேண்டும். ஒரு கரண்டி கூடுதலாகப் போடக் கூடாது, அளவு உண்டு. பிள்ளைகள் அறுநூறு பேர். "ஒரு மூஞ்சியை ரெண்டாவது தடவை பாக்கறதுக்குள்ள வருஷம் முடிஞ்சுடும்" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் திங்கட்கிழமை சூப். கொஞ்சமாகச் செய்து பார்த்தாளாம், உப்பு நிற்கவில்லையாம். நார்மன்ட் என்னிடம் ஒரு நாள் தனியாகச் சொன்னான், அன்றைக்கு அவன் கேலி பேசவில்லை. "பதினொன்னே முக்கால் ஆனா எந்திரிச்சு நிக்கறாப்பா. உக்காந்து துணி தைச்சுட்டு இருந்தாலும் எந்திரிச்சுடறா. என்னடின்னா, ஒண்ணுமில்லைங்கறா. மறுபடி உக்காந்துக்கறா."

மூடிய பள்ளியின் முற்றம்தான் எங்கள் பஸ் நிறுத்தம். மாலை மூன்றரைக்கு நான் பிள்ளைகளை இறக்கிவிடும்போது தினமும் ஒடெட் அங்கே நிற்பாள். பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு இறங்கி ஓடும்வரை அசையாமல் நிற்பாள். கடைசிப் பிள்ளை போன பிறகு பஸ் படியில் ஒரு காலை வைத்துக் கேட்பாள்.

"இன்னிக்கு என்ன சாப்பிட்டாங்க?"

நான் வழியிலேயே பிள்ளைகளிடம் கேட்டு வைத்திருப்பேன். "பீட்சா."

"மறுபடியுமா? நேத்தும் அதுதானே?"

"நேத்து வேற வடிவம். அது வட்டம், இது சதுரம்."

"பாழாப் போறவனுங்க" என்பாள். சில நாள் அவள் முகம் ரொம்ப வாடியிருந்தால் நான் பொய் சொல்லியிருக்கிறேன். கோழி வறுவல், உருளைக்கிழங்கு மசியல், கேரட் என்று அடுக்குவேன். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்பாள். திங்களானால் என் கையில் ஜாடியைக் கொடுப்பாள். முதல் இரண்டு மூன்று வருஷம் பிள்ளைகள் அவளைக் கட்டிப்பிடிப்பார்கள். அவர்கள் வளர்ந்து போனார்கள். பிறகு வந்தவர்களுக்கு அவள் யார் என்று தெரியாது. ஒரு பெண் குழந்தை என்னிடம், "அங்க நிக்கறாங்களே, அவங்க யாரைக் கூட்டிட்டுப் போக வந்திருக்காங்க?" என்று கேட்டது. "படியைப் பாத்து எறங்கும்மா" என்றேன். 

பள்ளி மூடிய பிறகும் ஊர்க்கூட்டம் அதே கூடத்தில்தான் நடக்கிறது, அவள் இன்றும் அதற்குச் சமைக்கிறாள். ஆனால் அந்தப் பலகையை மூடுவதில்லை. கடைசி வாக்கெடுப்பு முடியும் வரை ஒரு தட்டையும் தொட விடமாட்டாள்.

ஒன்பதாம் வருஷம் என் முதுகு ஒத்துக்கொள்ளவில்லை, வேலையை விட்டேன். கடைசி நாள் திங்கட்கிழமை. பிள்ளைகள் எனக்கு ஒரு வாழ்த்து அட்டை செய்து கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்கள். ஒடெட் ஜாடியோடு படியில் காலை வைத்தாள். நான் எஞ்சினை நிறுத்தினேன்.

"மேல ஏறி உக்காரு ஒடெட். ஒண்ணு சொல்லணும்."

அவள் முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. கை பலகை வரைக்கும் போனதையும், தட்டாமல் இறக்கியதையும், காட்டை நினைத்ததையும், எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

திரும்பினேன்.

"பலகைக்கு உள்பக்கம்தான் நின்னுட்டு இருந்தேன் வெண்டல். அந்த மனுஷன் வாசிச்சது பூரா காதுல விழுந்துச்சு. உள்ள வந்துட்டீங்களான்னு கேட்டதும் விழுந்துச்சு. ஷெல்லி, 'தெறந்துடலாமா?'ன்னு கேட்டா. நான்தான், 'இரு, வெண்டல் தட்டுவான், அதுக்குள்ள அந்தப் பானையை முடி'ன்னேன்."

வெளியே யாரோ ஒரு பிள்ளை பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது.

"ஷெல்லிகிட்ட கேட்டுப் பாரேன். அவளுக்கு என் மேல இன்னும் கோவம். ஊருல எல்லாரும் ஃபெல்ப்ஸைத் திட்டறாங்க, நீ உன்னைத் திட்டிக்கற. பலகையைத் தள்ளுறதுக்கு எனக்கும் ரெண்டு கை இருந்துச்சு. நீ தட்டுவேன்னு நின்னேன்."

"அப்ப ஏன்டி ஒன்பது வருஷமா எனக்குச் சூப்பு குடுத்த? மூஞ்சில ஊத்தியிருக்கலாமே?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"முதல் வருஷம் ஊத்தத்தான் நெனச்சேன்." அவள் ஜாடியைத் துடைத்தாள், ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "புள்ளைங்க என்ன சாப்பிட்டாங்கன்னு எனக்கு யாரு சொல்லுவா? உன்னை விட்டா ஒருத்தருக்கும் தெரியாது. பொய் சொல்லுவ, அதுவும் தெரியும். அந்தப் பள்ளிக்கூடத்துல எவன் கேரட்டு போடறான்?"

 பிறகு அவள் கேட்டாள், சின்னக் குரலில்.

"நாளைலேர்ந்து நான் யாரைக் கேப்பேன்?"

அப்போதுதான் அழுதாள். பள்ளி போனபோது அழாதவள், என் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதாள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை.

இப்போது பஸ் ஓட்டுவது வேறொருவன், பிள்ளைகளோடு பேசாத ஆள். நான் மூன்றரைக்கு என் பழைய வண்டியை முற்றத்தில் நிறுத்தி, இறங்கி வரும் பிள்ளைகளை மறித்து, இன்றைக்கு என்ன சாப்பாடு என்று கேட்கிறேன். கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்கிறார்களோ என்னவோ, சொல்லிவிட்டுத்தான் ஓடுகிறார்கள். ஒடெட் இப்போது முற்றத்துக்கு வருவதில்லை, நார்மன்டின் கால் ரொம்ப மோசமாகிவிட்டது. அதனால் நேராக அவள் வீட்டுக்குப் போய்ச் சமையலறைக் கதவை மூன்று முறை தட்டுகிறேன்.

சில நாள் உடனே திறக்கிறாள். சில நாள் திறக்க நேரமாகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருப்பது எனக்குத் தெரியும். நானும் நிற்கிறேன்.